எட்டுப் பங்கில் ஒரு டிராக்டர்

அத்தா அவர்கள் வஃபாத்தாகி, அம்மாவின் இத்தாக் காலம் நான்கு மாதம் பத்து நாட்கள் நிறைவடைந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டில் சொத்துப் பேச்சு தொடங்கியது. அதுவே தாமதம். கடனையும் வஸிய்யத்தையும் முடித்துவிட்டுப் பங்கீட்டை விரைவாகச் செய்துவிட வேண்டும் என்று மத்ரஸாவில் ஆண்டுதோறும் ஃபராயிள் பாடம் நடத்துகிறோம். கரும்பலகையில் முகம் தெரியாத மய்யித்துக்களின் சொத்துக்களை எல்லாம் நிமிடத்தில் பிரித்துக் காட்டுகிறோம். நமது வீட்டு மய்யித்து என்று வந்தபோது, 'அம்மா மனது நோகும்' என்ற காரணத்தை முன்னே நிறுத்திக்கொண்டு நாங்களும் எல்லாரையும் போலவே தள்ளிப்போட்டோம்.

வாரிசுகள் ஐவர்: அம்மா, மூன்று ஆண்மக்கள், ஒரு தங்கை. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய ஏழில் ஆண் ஒவ்வொருவருக்கும் இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மொத்தம் எட்டு. மீதமும் இல்லை, பின்னமும் இல்லை. மாணவர்களுக்கு முதல் நாள் போடும் கணக்கைப் போல அத்தனை எளிமையாக இருந்தது. பன்னிரண்டு மா நிலத்தை அளந்து பிரிக்க வழியிருந்தது. வீட்டுக்கு மதிப்புப் போட்டுப் பேசி முடித்தோம். கொட்டகையில் நின்ற டிராக்டர்தான் எட்டுக்குள் அடங்க மறுத்தது.

அது 1986இல் அத்தா அவர்கள் வாங்கிய மாஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். இந்த வண்டியின் மூதாதை 1957இல் மேல்நாட்டில் வெளிவந்த மாஸி பெர்குசன் 35. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் அந்த வழிவந்த வண்டிகளை நமது மண்ணுக்குக் கொண்டுவந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே, தண்ணீர் வந்தால் சேறும் வராவிட்டால் வெடிப்புமாகக் கிடக்கும் எங்கள் கடைமடைப் பகுதியில், ஏர் மாடு மறைந்ததும் இந்தச் சிவப்பு வண்டி வந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால், தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் அத்தா அவர்கள் கோடை உழவை முடித்துக் கேஜ் வீலை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்கி வைப்பானாக.

டிராக்டரைப் பற்றி எங்களுக்குள் மூன்று கருத்துகள் இருந்தன. ஷார்ஜாவில் இருக்கும் பெரியண்ணன், அதனைக் கம்பெனியில் இருந்து வந்த நாளில் இருந்தபடியே புதுப்பித்து வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும் என்றார். இங்கிலாந்தில் பழைய பெர்குசன் வண்டிகளின் சாம்பல் நிறத்தைக்கூட இம்மி பிசகாமல் தேடிப் பூசிக் காப்பவர்கள் இருக்கிறார்கள் என்று படங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஊரில் இருந்து விவசாயம் பார்க்கும் தம்பிக்கோ அது சோறு போடும் வண்டி. எங்கள் நிலத்தையும் உழுது, வாடகைக்கும் உழுது, குடும்பத்தை ஓட்டுகிறார். பவர் ஸ்டீயரிங் வேண்டும், இரவு உழவுக்கு நல்ல விளக்கு வேண்டும், ரோட்டவேட்டர் மாட்ட வேண்டும் என்பது அவரது பட்டியல். இந்த இருவருக்கும் நடுவில், நல்ல விலை வந்தால் விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்வதே சண்டையில்லாத வழி என்று நினைத்தவர் இதை எழுதுபவர். இப்போது எண்ணிப் பார்த்தால், மூன்றிலும் சோம்பேறித்தனமான கருத்து அதுவே.

அம்மாவின் கருத்தையும் தங்கையின் கருத்தையும் எவரும் கேட்கவில்லை. எட்டில் இரண்டு பங்கு அவர்களுடையது.

பெரியண்ணன் காத்திருக்கவில்லை. இருபத்தெட்டாயிரம் ரூபாயை அனுப்பி, 'முதலில் பெயிண்ட் வேலையாவது முடியட்டும்' என்றார். பணம் வந்துவிட்டது, உழவும் இல்லாத மாதம்; தம்பியும் நாமும் மறுபேச்சின்றி நகரத்தில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். அவர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது. பானட், மட்கார்டு, சக்கர வட்டு, கருவிப் பெட்டி என எல்லாவற்றையும் கழற்றி, பழைய பெயிண்டை இரும்பு தெரியும்வரை தேய்த்து, துரு நீக்கி, பிரைமர் அடித்து, கம்பெனிச் சிவப்பைத் தேடிப்பிடித்துப் பூசியிருந்தார்கள். பக்கவாட்டில் எழுத்து ஒட்டியும் ஆயிற்று. வண்டி மினுமினுத்தது. படம் எடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்பினோம். அங்கிருந்து இதயச் சின்னங்களாக வந்து குவிந்தன.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அஸருக்குப் பின் அம்மா கொட்டகைக்கு வந்தார்கள். சுற்றிவந்து பார்த்தார்கள். பிறகு, "அந்தப் பெட்டி மூடியத் தொறங்க தம்பி" என்றார்கள்.

சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கருவிப் பெட்டியின் மூடி அது. திறந்தோம். உட்புறமும் பளபளவென்று சிவப்பாக இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்கள்.

அந்த மூடியின் உட்புறத்தில்தான் அத்தா அவர்கள் எழுதிவைப்பார்கள். ஆயில் மாற்றிய தேதி, டீசல் ஃபில்டர் மாற்றிய தேதி, ஆக்சில் சீல் போட்ட தேதி, நாசில் பார்த்த தேதி. வெள்ளைப் பெயிண்டில் தீக்குச்சியைத் தொட்டுத் தொட்டு எழுதிய பொடி எழுத்துகள். எழுத்து அரபுத்தமிழ். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத அத்தா அவர்களுக்கு ஓதும் பள்ளியில் கற்ற அந்த எழுத்துதான் கைவசமிருந்த எழுத்து. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளிகள் இட்டு நமது முன்னோர் ஆக்கிக்கொண்ட எழுத்து முறை. மார்க்க நூல்களுக்கு மட்டுமல்ல, மளிகைக் கணக்குக்கும் கடிதத்துக்கும் அதுவே பயன்பட்ட காலம் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் கடைசியாக அதனை டிராக்டருக்குப் பயன்படுத்தியவர் அத்தா அவர்களாகத்தான் இருப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான குறிப்புகள். ஒரு வரிசை நிறைந்ததும் சிறிய கோடு கிழித்து அடுத்ததைத் தொடங்கியிருப்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னைகள் சாய்ந்து தெருவெல்லாம் அடைத்துக் கிடந்தபோது, சங்கிலி கட்டி மரம் இழுத்த நாட்களுக்குப் பின் கிளட்ச் மாற்றியதும் அதில் இருந்தது.

அசலைக் காக்கிறோம் என்று செய்த வேலையில் அசல் போய்விட்டது. கம்பெனி அடித்த சிவப்பு அத்தனை வண்டிகளுக்கும் பொது. இந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியதாக இருந்தது அந்த மூடி. உணர்வுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அடுத்த ஆயில் எப்போது, சீல் எத்தனை உழவு தாங்கும் என்பதற்கு இருந்த ஒரே பதிவேடும் அதுதான். தம்பியும் அதைப் பார்த்துத்தான் வண்டியைப் பராமரித்துவந்தார். நினைவாக வைக்கவும் பயன்படுத்தவும் ஒருசேரத் தேவைப்பட்ட ஒரு பொருளை, நினைவின் பெயரால் அழித்துவிட்டோம். ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. அன்றிரவு மூன்று பேரின் கைபேசிகளிலும் தேடிப் பார்த்தோம். வண்டியின் முன்னால் நின்ற பிள்ளைகளின் படங்கள் நூறு இருந்தன. மூடி திறந்த படம் ஒன்றும் இல்லை.

பிழை ரசனையில் நேர்ந்தது என்று அதனை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. பங்கு பிரியாத பொதுச் சொத்தில், மற்றப் பங்காளிகளின் சம்மதமின்றி ஒருவர் மாற்றம் செய்யலாகாது என்பது ஃபிக்ஹின் தொடக்கப் பாடம். அம்மாவைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். கேட்காமல் போனதற்கு நம்மிடம் இருந்த காரணம் ஒன்றே: டிராக்டர் ஆண்கள் விஷயம் என்று நினைத்தோம். கேஜ் வீலில் ஒட்டிய சேற்றை அத்தாவோடு நின்று கழுவியவர்கள் அவர்கள் என்பது எங்களுக்கு நினைவில் வரவில்லை.

அந்த நாட்களில் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு செய்தி மனதை விட்டு அகலவில்லை. நபி (ஸல்) அவர்கள் அருந்திய மரக் குவளை ஒன்று அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அது வெடித்திருந்தது, வெடிப்பை வெள்ளிக் கம்பியால் பிணைத்திருந்தார்கள். பிணைத்தவர் நபியவர்களா, அனஸ் அவர்களா என்பதில் விரிவுரையாளர்கள் இரு விதமாகச் சொல்கிறார்கள். அதே குவளையில் இரும்பு வளையம் ஒன்றும் இருந்தது. அதனை அகற்றிப் பொன்னாலோ வெள்ளியாலோ வளையம் இட அனஸ் (ரலி) விரும்பினார்கள். அவர்களின் தாயாரை மணந்திருந்த அபூதல்ஹா (ரலி), நபியவர்கள் வைத்ததை மாற்ற வேண்டாம் என்று தடுத்தார்கள். அனஸ் (ரலி) விட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் அதைக் கண்ட ஆஸிம் என்னும் அறிவிப்பாளர், அதில் தாமும் அருந்தியதாகச் சொல்கிறார்.

நபியவர்களின் குவளையோடு எமது வீட்டு இரும்பை ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். பாடம் நடத்தும் பழக்கத்தில், அந்தச் செய்தியில் இரண்டு கைகள் இரண்டு வேலை செய்வதைக் கண்டோம். வெடித்த குவளை தண்ணீரைத் தாங்காது, எனவே பிணைக்கப்பட்டது. இரும்பு வளையத்தால் குவளைக்கு ஒரு குறையும் இல்லை, அழகுக்காக மட்டுமே அதை மாற்ற நேர்ந்திருக்கும், எனவே விடப்பட்டது. அத்தனை அருமையான பொருளைப் பெட்டியில் பூட்டாமல், வந்தவருக்கு அதில் குடிக்கவும் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இதற்கு நேர்மாறாக நடந்தோம். வெடிப்பை அப்படியே விட்டுவிட்டு வளையத்துக்கு முலாம் பூசினோம்.

வெடிப்பு எது என்று கேட்டால், தம்பியின் தோள்பட்டை. சேற்றுழவில் கேஜ் வீலோடு பழைய ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி வலது தோள் இறங்கிவிட்டது. தொழுகையில் தக்பீருக்குக் கையை உயர்த்தும்போது முகம் சுருங்குவதைப் பக்கத்து வரிசையில் இருந்து பார்த்திருக்கிறோம். ஆனாலும், 'பவர் ஸ்டீயரிங் போட்டால் அத்தா வண்டி அத்தா வண்டியாக இருக்காதே' என்று அவரிடம் சொன்னவர்களில் நாமும் ஒருவர்.

இம்முறை ஐந்து பேரும் உட்கார்ந்தோம். பெரியண்ணன் கைபேசியில். தங்கை புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தார். வண்டியின் ஒவ்வொரு பாகமாகப் பேசினோம். அப்படி ஒரு மஷூரா எங்கள் வீட்டில் நிலத்துக்குக்கூட நடந்ததில்லை.

ஸ்டீயரிங்கை மாற்றுவது என்று முடிவாயிற்று. ஆனால் முன்பக்க வார்ப்பை வெட்டியோ துளைத்தோ செய்யும் வேலை வேண்டாம். போல்ட்டில் பொருத்திக் கழற்றக்கூடிய வகையாக இருக்க வேண்டும். கழற்றிய பழைய பெட்டியை எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வைப்பது. பழைய டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். அதற்கும் அதே சாக்கு. ஆயில் பாத் ஏர் கிளீனரை மாற்ற வேண்டாம் என்று தம்பியே சொன்னார். கோடை உழவின் புழுதியை அடியில் உள்ள எண்ணெய்க் கிண்ணம் பிடித்துக்கொள்கிறது. கிண்ணத்தைக் கழுவி எண்ணெயை மாற்றினால் போதும், காசு கொடுத்து ஃபில்டர் வாங்க வேண்டியதில்லை. பழையது என்பதற்காகவே ஒன்று குறைந்ததாகிவிடாது என்பதை அதைத் தினமும் கையாளுபவரிடம்தான் கேட்க வேண்டும்.

ரோட்டவேட்டரில் கொஞ்சம் வாதம் நடந்தது. பெரிய அளவை இழுக்க இந்த எஞ்சினால் ஆகாது, வண்டி படுத்துவிடும். ஐந்தடிக்கு மேற்படாத சிறியது, அதுவும் இலேசான மண்ணில் மட்டும். மற்றதற்கு ஒன்பது கொழுக் கல்டிவேட்டரே தொடரும். இந்த வண்டியின் உயிரே பின்னால் இருக்கும் மூன்று கைகளில் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் 1930களில் நிலைநிறுத்திய அமைப்பு அது. கீழே இரண்டு கை இழுக்கும். மேலே ஒரு கை, கொழு ஆழமாக இறங்கி மண் எதிர்க்கும்போது அழுத்தத்தை உணர்ந்து ஹைட்ராலிக்குக்குச் சொல்லும். அது கொழுவைச் சற்றே தூக்கும். மண் இளகியதும் மறுபடி இறக்கும். இலேசான வண்டி கனமான வேலையைச் செய்வதன் இரகசியம் அதுதான். எங்கள் வண்டியில் அந்த மேல் கையின் ஸ்பிரிங் தளர்ந்து, அமைப்பே செயலற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பளபளக்கும் பானட்டுக்கு இருபத்தெட்டாயிரம் செலவழித்த எங்களுக்கு இது தெரியாது. 'அசல் அசல்' என்று பேசிய பெரியண்ணன்தான் இதைக் கேட்டு முதலில் சிரித்தார். அந்த வேலைக்குப் பணத்தையும் தாமே அனுப்பினார்.

ஒரு மாற்றத்தில் மட்டும் எவருக்கும் இரண்டாம் கருத்து இருக்கவில்லை. பிடிஓ தண்டின் மூடி எப்போதோ கழன்று தொலைந்திருந்தது. சுழலும் தண்டில் கைலியின் நுனி சிக்கினால் ஆளை இழுத்துச் சுருட்டிவிடும். தீங்கை அகற்றுவது என்னும் ஃபிக்ஹு விதிக்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு நமக்குத் தெரியாது. புதிய மூடி போட்டோம். மட்கார்டில் பிள்ளைகள் உட்காருவதையும் அன்றோடு நிறுத்தினோம். நாங்கள் அனைவரும் அப்படி உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தாம்.

இனிப் பங்கு. வண்டியின் மதிப்பை ஊரில் வண்டி அறிந்த இருவரிடம் தனித்தனியே கேட்டு, இடைப்பட்ட தொகையாக ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று வைத்தோம். ஒரு பங்கு இருபதாயிரம். பெரியண்ணன் தமது இரு பங்கையும் தம்பிக்கு ஹிபாவாகக் கொடுத்தார். பிரிக்கப்படாத பங்கை அன்பளிப்பாகக் கொடுப்பதில் எமது ஹனஃபி மத்ஹபில் நிபந்தனை உண்டு. ஆனால் டிராக்டரைப் போலப் பிரித்தால் பயனற்றுப் போகும் பொருளில் அது செல்லும். நமது இரு பங்கைத் தம்பி சம்பா அறுவடைகளில் தவணையாகக் கொடுப்பதாக எழுதிக்கொண்டோம். எழுதத்தான் வேண்டும்; உடன்பிறந்தவர் என்பதால் எழுதாமல் விடுவது அன்பு அல்ல.

தங்கை, "எனக்கு வேணாம், தம்பியே வச்சுக்கட்டும்" என்றார். நம் வீடுகளில் பெண்கள் இப்படிச் சொல்வதைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டு எழுந்துவிடுவது வழக்கம். சொல்ல வேண்டிய நிலையில் அவர்களை வைத்தது யார் என்று கேட்பதில்லை. நாங்களும் எழுந்திருப்போம். அம்மாதான், "மொதல்ல அவ கையில குடுங்க. அப்புறம் அவ என்ன பண்ணுனா என்ன" என்றார்கள். இருபதாயிரத்தைத் தங்கையின் கையில் கொடுத்தோம். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. பிறகு, அந்த ஆண்டு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அது உதவியதாகச் சொன்னார். தேவை இருந்திருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை.

அம்மா தமது எட்டில் ஒன்றை விற்கவில்லை, கொடுக்கவும் இல்லை. "அது எம்பேர்ல கெடக்கட்டும்" என்றார்கள். ஆகவே இன்று அந்த வண்டியில் ஏழு பங்கு தம்பியுடையது. ஒரு பங்கு அம்மாவுடையது. வெட்டுவது, துளைப்பது, விற்பது எதற்கும் அம்மாவின் சொல் வேண்டும். அந்த ஒரு பங்குக்கு வாடகையாகப் பணம் வேண்டாம் என்றும், ஒவ்வொரு பட்டத்திலும் முதல் நாள் உழவைத் தெருக்கோடியில் இருக்கும் விதவைப் பெண்மணியின் மூன்று மாவுக்குச் செய்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அத்தா அவர்கள் இருபது ஆண்டுகளாக அப்படிச் செய்துவந்தார்கள் என்பதை அன்றுதான் அறிந்தோம். தம்பிக்கு அது முன்பே தெரியும்.

வாசலில் நிறுத்த வேண்டும் என்ற பெரியண்ணனின் ஆசை முற்றிலும் அடங்கிவிடவில்லை. அவர் ஊர் வரும்போது வண்டி கழுவப்பட்டு வாசலில் நிற்கும். திரும்பிய மறுநாள் வயலுக்குப் போகும். புதிய சிவப்பில் இப்போது கீறல்கள் விழுந்துவிட்டன. பின் சக்கர வட்டின் ஓரத்தில் துரு எட்டிப் பார்க்கிறது. படம் அனுப்பச் சொல்லும்போது தம்பி முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறார்.

இந்தக் குறுவைக்கு ஆயில் மாற்றிய அன்று நாமும் கொட்டகையில் இருந்தோம். தம்பியின் மகன் மத்ரஸாவில் நம்மிடம்தான் ஓதுகிறான். விடுமுறையில் அவனுக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அரபுத்தமிழ் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தோம். அம்மா சிறிய டப்பாவில் வெள்ளைப் பெயிண்டும் தீப்பெட்டியும் எடுத்துவந்து அவனிடம் கொடுத்தார்கள். தேதியை எழுதினான். 'ஆயில்' என்பதை எப்படி எழுதுவது என்று நம்மைப் பார்த்தான். அத்தா அவர்கள் எப்படி எழுதியிருந்தார்கள் என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றோம், வரவில்லை. அவனுக்குத் தோன்றியபடி எழுதச் சொன்னோம். ஒரு புள்ளி கூடுதலாக விழுந்துவிட்டது. துடைக்கப் போனவனை அம்மா தடுத்து, மூடியைக் காயும்வரை திறந்தே வைக்கச் சொன்னார்கள்.